நிரலாளருக்கான லினக்ஸ் சூழல்: டெபியன் 13-இல் அடித்தளம் முதல் முனையம் வரை

லினக்ஸ் கணினியை நிரல் எழுதுவதற்கு ஏற்றபடி அமைப்பது பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை வண்ணங்களிலும் எழுத்துருக்களிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. இந்த வழிகாட்டி வட்டுப் பகிர்விலிருந்து, அதாவது வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பதிலிருந்து, தொடங்குகிறது; அழகூட்டும் வேலைகளுக்கு இதில் இடம் குறைவு. ஒவ்வொரு படியையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறேன்: மடிக்கணினி நாளைக் காலையில் தொலைந்துபோனால், இதே சூழலை வேறொரு கணினியில் ஒரு பிற்பகலுக்குள் மீண்டும் எழுப்ப முடியுமா? முடியாதென்றால், எவ்வளவு வசதியான அமைப்பாக இருந்தாலும் அதைத் தவிர்த்துவிடலாம் என்பதே என் கருத்து.

எடுத்துக்காட்டாக, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளிவந்த டெபியன் 13 என்னும் லினக்ஸ் வகையையும் அதனுடன் வரும் குனோம் 48 டெஸ்க்டாப்பையும் கொள்கிறேன். உபுண்டு 24.04 வைத்திருப்பவர்களுக்கும் இங்குள்ளவற்றில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும். ஃபெடோரா ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 13 மாதங்கள் மட்டுமே பராமரிக்கிறது. புதுமையை விரும்புவோருக்கு அது ஏற்றது. டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்றாண்டு முழுப் பராமரிப்பும், அதன்பின் இரண்டாண்டு நீண்டகாலப் பராமரிப்பும் உண்டு. கருவியைப் பழுதுபார்ப்பதைவிடக் கருவியால் வேலை செய்வதில் நேரத்தைச் செலவிட விரும்புகிறவருக்கு இந்த ஐந்தாண்டு அமைதி பெரிய ஆதாயம். வைஃபை வேலை செய்யாது என்று முன்பு டெபியன் மீது சொல்லப்பட்ட குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. திறந்த மூலமல்லாத ஃபர்ம்வேர்களை (வன்பொருளை இயக்கும் உள்மென்பொருள்) நிறுவல் படிமத்திலேயே சேர்க்க 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 12-ஆம் பதிப்பு முதல் அவை உள்ளேயே வருகின்றன.

கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். வேறுவிதமாகச் சொல்லாத இடங்களில் அவற்றை முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

நிறுவுவதற்கு முன்

கணினியில் விண்டோஸ் இருந்து, அதையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், முதலில் பிட்லாக்கர் மறையாக்கம் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இப்போது விற்கப்படும் மடிக்கணினிகள் பலவற்றில் அது உரிமையாளருக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். துவக்க முறையில் மாற்றம் செய்தவுடன் விண்டோஸ் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் தரவு போனதுதான். ஆகவே அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே அடுத்த வேலை. விண்டோஸில் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக நின்றுபோவதில்லை. அந்த நிலையில் அதன் பகிர்வை லினக்ஸிலிருந்து எழுதத் திறந்தால் கோப்புகள் சிதையக்கூடும்.

டெபியன் தளத்திலிருந்து நிறுவல் படிமத்தை இறக்கியதும், உடன் தரப்பட்டுள்ள ஷா256 சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடுங்கள். அரைகுறையாக இறங்கிய படிமம் நிறுவலின் பாதியில் புரியாத பிழையைத் தந்து அரைநாளை விழுங்கும். ஒப்பிட ஒரு நிமிடம் போதும். படிமத்தை யுஎஸ்பி குச்சியில் எழுத பலீனா எட்சர், வென்டாய் இரண்டில் எதுவும் சரிதான்.

நிறுவும்போது எடுக்க வேண்டிய மூன்று முடிவுகள்

நிறுவியின் பெரும்பாலான கேள்விகளுக்கு அது முன்வைக்கும் விடையையே ஏற்றுக்கொள்ளலாம். மூன்று இடங்களில் மட்டும் நின்று யோசிக்க வேண்டும்.

முதலாவது, ரூட் என்னும் முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தொடருங்கள். அப்படி விட்டால், சாதாரணப் பயனர் நிர்வாகக் கட்டளைகளை இட உதவும் சூடோ கருவியை நிறுவி தானாக நிறுவி, நீங்கள் உருவாக்கும் முதல் பயனருக்கு நிர்வாக உரிமையை வழங்கிவிடும். அங்கே கடவுச்சொல் கொடுத்தவர்கள்தான், 'நீங்கள் சூடோ பட்டியலில் இல்லை' என்ற செய்தியை முதல் நாளிலேயே சந்திக்கிறார்கள்.

இரண்டாவது, மறையாக்கம். வட்டு முழுவதையும் பயன்படுத்தி மறையாக்கப்பட்ட எல்விஎம் (வட்டிடத்தைப் பிரித்தாளும் அமைப்பு) அமைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். நிறுவனத்தின் நிரல்மூலம், வாடிக்கையாளரின் தரவு, சேவையகங்களுக்கான திறவுகோல் ஆகியவற்றைச் சுமந்துகொண்டு பேருந்திலும் இரயிலிலும் பயணிக்கும் ஒரு கருவிக்கு இது விருப்பத் தேர்வாக இருக்க முடியாது. நிறுவி வட்டைத் தற்போக்கு எண்களால் நிரப்பத் தொடங்கும். புத்தம்புதிய வட்டாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு மேலே செல்லலாம், நிறுவல் பாதிக்கப்படாது. விண்டோஸை வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த எளிய வழி பொருந்தாது; அவர்கள் காலியிடத்தில் மறையாக்கப் பகிர்வைக் கையால் உருவாக்க வேண்டும். கணினி முழுவதையும் டெபியனுக்கே கொடுத்துவிடுவது எளிது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, பகிர்வுகளின் எண்ணிக்கை. பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் முகப்பு அடைவுக்குத் தனிப் பகிர்வு வேண்டும் என்பது பழைய அறிவுரை. 256 ஜிபி வட்டு உள்ள நிரலாளருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. செயலிகளைத் தனித்த சூழல்களில் (கொள்கலன்களில்) இயக்கும் டாக்கர் தன் படிமங்களையும், செயலிகளை நிறுவித் தரும் பிளாட்பேக் தன் செயலிகளையும் இயல்பாக 'வார்' அடைவின் கீழ்தான் சேர்க்கின்றன. சிறியதாக வெட்டப்பட்ட முதன்மைப் பகிர்வு சில மாதங்களில் நிரம்பிவிட, முகப்புப் பகிர்வில் நூறு ஜிபி சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே பகிர்வில் வைத்து, பாதுகாப்பைக் காப்புப்படியிடம் விட்டுவிடுவது தெளிவான ஏற்பாடு.

முதல் துவக்கம்

முதலில் டெபியனின் பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) நிர்வகிக்கும் ஆப்ட்டை இயக்குங்கள்: 'சூடோ ஆப்ட் அப்டேட்', அதைத் தொடர்ந்து 'சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேடு'. பிறகு குனோமின் 'சாஃப்ட்வேர்' செயலியில் உங்கள் மடிக்கணினிக்கு ஃபர்ம்வேர் மேம்படுத்தல் வந்துள்ளதா என்று பாருங்கள். உறக்கநிலையிலிருந்து விழிக்காத கணினி, சூடேறும் மின்கலம் போன்ற தொல்லைகளில் சில அங்கேயே தீர்ந்துவிடுவது உண்டு.

தீச்சுவருக்கு யுஎஃப்டபிள்யூ போதும்: நிறுவி, 'எனேபிள்' என்று இயக்கினால் உள்வரும் இணைப்புகள் அனைத்தும் இயல்பாகவே மறுக்கப்படும். டாக்கர் பயன்படுத்துபவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். டாக்கர் வெளியிடும் துறைகள் (பிணைய போர்ட்டுகள்) யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிச் செல்லும். தீச்சுவர் மூடியிருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும்போதே உங்கள் சோதனைத் தரவுத்தளம் அலுவலக வலையில் எல்லோருக்கும் திறந்து கிடக்கலாம். துறையை வெளியிடும்போது எண்ணுக்கு முன்னால், இந்தக் கணினியை மட்டுமே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியையும் சேர்த்துக் கொடுப்பதே இதற்குத் தீர்வு.

விண்டோஸும் உடன் இருந்தால் கடிகாரம் குழம்பும். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொதுநேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் வாசிப்பதால், இந்தியாவிலும் இலங்கையிலும் இரண்டுக்கும் இடையே சரியாக 5 மணி 30 நிமிட வேறுபாடு தோன்றும். 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் 'செட்-லோக்கல்-ஆர்டிசி' தேர்வுக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் லினக்ஸ் விண்டோஸின் வழிக்கு வந்துவிடும்.

டெபியன் 13-இல் புதிதாக வந்த ஒரு மாற்றத்தையும் அறிந்திருப்பது நல்லது. 'டெம்ப்' (tmp) என்னும் தற்காலிக அடைவு இப்போது வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. அங்கே வைக்கும் கோப்புகள் கணினியை அணைத்ததும் மறையும், இருக்கும்வரை நினைவகத்தை உண்ணும். பல ஜிபி தரவுத்தள நகலை அங்கே விரிப்பவர்கள் அதை 'வார்' அடைவுக்குள் உள்ள 'டெம்ப்'புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவும் நிலையான இடமன்று, 30 நாள் பழைய கோப்புகள் அங்கிருந்து தானாக நீக்கப்படும்.

டெஸ்க்டாப்: குறைவாக மாற்றுங்கள்

குனோமை நீட்சிகளால் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களால்) நிரப்பி வேறொன்றாக மாற்றும் ஆசை பலருக்கும் வருகிறது. 2023-இல் வந்த குனோம் 45, நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றியதால், அதுவரை இருந்த நீட்சிகள் அனைத்தும் திருத்தி எழுதப்பட்டால்தான் இயங்கும் என்ற நிலை ஏற்பட்டது. பத்து நீட்சிகளை நம்பியிருந்தவருக்கு அன்று பத்து இடங்களில் ஓட்டை விழுந்தது. குனோமின் இயல்பான வழியை ஒரு வாரம் பழகிய பிறகும் தேவைப்படுகிறவற்றை மட்டும் சேர்ப்பது நல்லது. பெரும்பாலோருக்கு அந்த எண்ணிக்கை இரண்டைத் தாண்டாது.

உண்மையான வேகம் பணிவெளிகளில் (சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைவெளிகளில்) இருக்கிறது. 'செட்டிங்ஸ்' செயலியின் 'மல்டிடாஸ்கிங்' பகுதியில் பணிவெளிகளின் எண்ணிக்கையை நான்கு என்று நிலைப்படுத்திவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையை ஒதுக்குங்கள்: முதலாவதில் உரைத்திருத்தி, இரண்டாவதில் முனையம், மூன்றாவதில் உலாவி, நான்காவதில் மின்னஞ்சலும் உரையாடலும். சூப்பர் விசையுடன் (பெரும்பாலும் விண்டோஸ் சின்னம் உள்ள விசை) பேஜ்அப், பேஜ்டவுன் விசைகளை அழுத்தினால் பணிவெளி மாறும்; ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் சாளரமும் உடன் வரும். இடம் நிலையாக இருக்கும்போது கண் தேட வேண்டியதில்லை. கை தானாகப் போகும். சூப்பர் விசையுடன் இடது, வலது அம்புக்குறிகள் சாளரத்தைப் பாதித் திரையில் ஒட்டும். ஒரே செயலியின் பல சாளரங்களுக்கு இடையே மாற ஆல்ட் விசையுடன் தாவல் விசைக்கு மேலே உள்ள விசையை அழுத்த வேண்டும்.

'ட்வீக்ஸ்' செயலியை நிறுவி, கேப்ஸ்லாக் விசையைக் கூடுதல் கன்ட்ரோல் விசையாக மாற்றுங்கள். முனையத்தில் கன்ட்ரோலை ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துகிறோம், கேப்ஸ்லாக்கை எத்தனை முறை அழுத்துகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இங்கே செய்த மாற்றங்கள் அனைத்தையும் 'டிகான்ஃப் டம்ப்' கட்டளை ஒரே உரைக்கோப்பாகத் தந்துவிடும். 'டிகான்ஃப் லோடு' அதைப் புதிய கணினியில் ஏற்றும். அந்தக் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் தேவைப்படும்.

தமிழ் எழுத்துகள்

தமிழில் ஆவணம் எழுதுபவர்களும் தமிழ்ச் செயலிகளைச் சோதிப்பவர்களும் இந்தப் பகுதியைத் தவறவிடக் கூடாது. எழுத்துருவுக்கு நோட்டோ தொகுப்பும், தட்டச்சுக்கு 'ஐபஸ்-எம்17என்' பொதியும் வேண்டும். பொதியை நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்த பிறகு, விசைப்பலகை அமைப்பில் உள்ளீட்டு மூலங்களில் தமிழைச் சேர்க்கும்போது பல முறைகள் பட்டியலிடப்படும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையையே நான் பரிந்துரைப்பேன். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்திருப்பதாலும், ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுவதாலும், பழகியபின் அதன் வேகத்தை, ஆங்கில எழுத்துகளால் தமிழ் ஒலியைத் தட்டச்சிடும் ஒலிப்பு முறை எட்டுவதில்லை. ஏற்கெனவே ஒலிப்பு முறையில் கை பழகிவிட்டவர்கள் அதிலேயே தொடரலாம். அதுவும் அதே பொதியில் உண்டு. மொழி மாற சூப்பர் விசையுடன் இடைவெளி விசை.

கணினியின் மொழியையே தமிழாக மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். நிரல் எழுதும் கணினியில் நான் ஆங்கிலத்தையே விட்டுவைப்பேன். பிழைச்செய்தி தமிழில் வந்தால் அதை வலையில் தேடித் தீர்வு காண்பது கடினம் என்பதே காரணம். எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருந்தால் போதும். தமிழ்க் கோப்புப் பெயர்களும் தமிழ் உரையும் எந்தத் தடையுமின்றி இயங்கும்.

முனையத்தில் மட்டும் தமிழ் சற்றுச் சங்கடப்படும். முனையத்தின் திரை சம அகலமுள்ள கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு குறியீடும் ஒரு கட்டத்திலோ இரண்டிலோ அடங்க வேண்டும். தமிழில் 'ணௌ' போன்ற எழுத்துகள் அகலமானவை. கொம்பு மெய்க்கு முன்னால் வர வேண்டும், துணைக்கால் பின்னால் வர வேண்டும். ஆகவே பல முனையச் செயலிகளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், சுட்டி இடம் தவறும். கேடிஇயின் கான்சோல் மற்றவற்றைவிடச் சமாளிக்கும். எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகள் உட்படப் பல மொழிகளின் எழுத்துகளைக் கருத்தில் கொண்டே எழுதப்பட்டது. இருந்தாலும் தமிழ் உரையை முனையத்துக்குள் திருத்துவதைத் தவிர்த்து, அதற்கு வரைகலை உரைத்திருத்தியைப் பயன்படுத்துவதே நடைமுறைக்கு உகந்தது.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. 'தமிழ்' என்ற சொல்லை வரி முடிவுக் குறி இல்லாமல் 'டபிள்யூசி' கட்டளைக்குக் கொடுத்தால், பைட்டுகள் 15 என்றும் குறியீடுகள் 5 என்றும் சொல்லும். நமக்கோ அது மூன்று எழுத்து. உள்ளீட்டுப் பெட்டியின் நீள வரம்பை எதைக்கொண்டு அளப்பது என்று முடிவெடுப்பதற்கு முன் இந்த மூன்று எண்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முனையமும் ஷெல்லும்

முனையச் செயலியைத் தேர்வதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். குனோமின் முனையம் அன்றாட வேலைக்குப் போதும்; மிகப் பெரிய பதிவுக்கோப்புகள் வேகமாக ஓடுவதைப் பார்க்க வேண்டியவர்கள் அலாக்ரிட்டியையோ கிட்டியையோ முயலலாம். எழுத்துருவாக ஜெட்பிரெயின்ஸ் மோனோ நன்று: எண் ஒன்றும், ஆங்கிலச் சிறிய எல்லும், பெரிய ஐயும் அதில் குழம்புவதில்லை.

நாம் இடும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல்லைப் பொறுத்தவரை என் தேர்வு பேஷ். ஃபிஷ்ஷின் கட்டளைப் பரிந்துரைகள் அருமையானவை, இசட்ஷெல்லின் நிறைவுவசதி வளமானது. ஆனால் நாளை நீங்கள் உள்நுழையப் போகும் சேவையகத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் பேஷ்தான். உங்கள் விரல்கள் அதில் பழகியிருந்தால் எங்கும் தடுமாற மாட்டீர்கள். பேஷ்ஷின் குறைகளில் பலவற்றை முகப்பு அடைவில் உள்ள, புள்ளியில் தொடங்கும் 'பேஷ்ஆர்சி' கோப்பில் சில வரிகளைச் சேர்த்துப் போக்கிவிடலாம்.

முதல் வேலை கட்டளை வரலாறு. டெபியனின் இயல்பு அமைப்பு நினைவில் 1000 கட்டளைகளையும் கோப்பில் 2000 வரிகளையும் மட்டுமே வைக்கிறது. ஆறு மாதங்களுக்கு முன் ஒரு தரவுத்தளத்தை எந்தத் தேர்வுகளோடு நகலெடுத்தோம் என்பது தேவைப்படும் நாளில் அந்த வரி அழிந்திருக்கும். 'ஹிஸ்ட்சைஸ்', 'ஹிஸ்ட்ஃபைல்சைஸ்' ஆகிய மாறிகளை, பெயர் முழுவதும் பெரிய எழுத்தில், ஒரு லட்சத்துக்கு உயர்த்துங்கள். இதேபோல் பெரிய எழுத்தில் எழுதும் 'ஹிஸ்ட்டைம்ஃபார்மட்' மாறிக்கு மதிப்புக் கொடுத்தால் ஒவ்வொரு கட்டளையும் நாள், நேரத்தோடு பதிவாகும். பேஷ் இயல்பாக, முனையத்தை மூடும்போதுதான் வரலாற்றைக் கோப்பில் எழுதுகிறது. ஆகவே கணினி திடீரென நின்றால் அன்றைய வேலை முழுதும் வரலாற்றிலிருந்து போய்விடும். இதுவும் பெரிய எழுத்தில் எழுதப்படும் 'ப்ராம்ப்ட்_கமாண்ட்' மாறியில் 'ஹிஸ்டரி -ஏ' என்று வைத்தால் ஒவ்வொரு கட்டளையும் உடனுக்குடன் எழுதப்படும். இன்னொன்று: டெபியனில் ஏற்கெனவே உள்ள ஓர் அமைப்பின்படி, இடைவெளியில் தொடங்கும் கட்டளை வரலாற்றில் சேராது. கடவுச்சொல்லோ டோக்கனோ உள்ள கட்டளையைத் தவிர்க்க முடியாமல் இட வேண்டி வந்தால், முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள்.

சேர்த்த வரலாற்றைத் தேட 'எஃப்இசட்எஃப்' கருவியை நிறுவி, அதன் பேஷ் இணைப்பைப் 'பேஷ்ஆர்சி'யில் சேருங்கள். கன்ட்ரோலும் ஆரும் அழுத்தினால் முழு வரலாறும் திரையில் விரிந்து, நினைவில் உள்ள இரண்டு மூன்று துண்டுகளைத் தட்டச்சிட்டாலே தேவையான வரி மேலே வந்துவிடும். கன்ட்ரோலும் டீயும் (T) கோப்பைத் தேடித் தரும். ஆல்ட்டும் சியும் அடைவுக்குத் தாவும். இந்தப் பகுதியில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்வேன் என்பவருக்கு நான் சொல்வது இதையே.

அடுத்து வரி திருத்தும் விசைகள். இவற்றுக்கு எதையும் நிறுவ வேண்டியதில்லை, பலரும் அறிவதுமில்லை. கன்ட்ரோலுடன் ஏ வரியின் தொடக்கத்துக்கும், ஈ முடிவுக்கும் கொண்டுபோகும். டபிள்யூ முந்தைய சொல்லை அழிக்கும். யூ சுட்டிக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். ஒய் அழித்ததைத் திரும்பத் தரும். ஆல்ட்டும் புள்ளியும் முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டும்: அடைவை உருவாக்கியவுடன் அதற்குள் செல்ல இதைவிட எளிய வழி இல்லை. நீண்ட கட்டளையை உரைத்திருத்தியில் திறக்கக் கன்ட்ரோலைப் பிடித்தபடி எக்ஸ், ஈ இரண்டையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும்.

முனையம் திடீரென உறைந்து எந்த விசைக்கும் பதில் தராமல் போவது புதியவர்களை அச்சுறுத்தும் ஒன்று. பெரும்பாலும் அவர்கள் கோப்பைச் சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தியிருப்பார்கள். தொலைதட்டச்சுக் காலத்திலிருந்து வரும் மரபின்படி அது வெளியீட்டை நிறுத்தும் குறி. கன்ட்ரோலும் கியூவும் அழுத்தினால் மீண்டும் ஓடும். 'எஸ்டிடிஒய் -இக்ஸான்' என்ற வரியைப் 'பேஷ்ஆர்சி'யில் சேர்த்தால் இந்தத் தொல்லை முற்றிலும் நீங்கும்.

தேடலுக்கு ரிப்கிரெப்பும் எஃப்டியும், கோப்பை வண்ணத்தோடு பார்க்க பேட்டும் நல்ல துணைகள். ரிப்கிரெப், நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான ஜிட் தவிர்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் உங்கள் 'ஜிட்இக்னோர்' கோப்பை மதித்து, 'நோட்_மாட்யூல்ஸ்' போன்ற குப்பைகளைத் தானாகத் தவிர்க்கிறது. வேறு பொதிகளோடு பெயர் மோதியதால் டெபியனில் எஃப்டியின் கட்டளைப் பெயர் 'எஃப்டிஃபைண்ட்', பேட்டின் பெயர் 'பேட்கேட்' என்று மாறியிருக்கும். நிறுவியும் கட்டளை கிடைக்கவில்லை என்று குழம்ப வேண்டாம். முனையத்திலிருந்து நகலெடுக்க எக்ஸ்கிளிப்பைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகள் எக்ஸ்11 என்னும் பழைய திரைக்காட்சி அமைப்பின் காலத்தவை. அதன் இடத்துக்கு வந்த வேலாண்டில் இயங்கும் இன்றைய குனோமுக்கு 'டபிள்யூஎல்-கிளிப்போர்டு' பொதியே பொருத்தம்.

கட்டளைகளுக்கு நாமே வைக்கும் குறுக்குப்பெயர்களில் சிக்கனம் வேண்டும். குறிப்பாக, அழிக்கும் கட்டளையை 'உறுதிதானா' என்று கேட்கும்படி மாற்றிவைப்பது ஆபத்தான பழக்கம். உங்கள் கணினியில் அந்தக் கேள்வியை நம்பிப் பழகிய கை, அந்தக் கேள்வி இல்லாத சேவையகத்தில் ஒரு நாள் இடறும். அதற்குப் பதிலாக, சேவையகங்களில் தூண்டுவரியை (கட்டளை இடும் இடத்துக்கு முன்னால் தோன்றும் வரி) சிவப்பு நிறமாக்குங்கள். எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பது ஒவ்வொரு வரியிலும் கண்ணில் படும்.

டீமக்ஸ்

சேவையகத்தில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய வேலையைத் தொடங்கியபின் இணையம் துண்டிக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடையே டீமக்ஸ். தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே உள்நுழைந்ததும் முதலில் டீமக்ஸைத் தொடங்கி, அதற்குள் வேலையை ஓட்டினால், இணைப்பு போனாலும் வேலை நிற்காது. மீண்டும் உள்நுழைந்து 'டீமக்ஸ் அட்டாச்' என்று இட்டால் விட்ட இடம் அப்படியே இருக்கும். கட்டளைகள் அனைத்தும் கன்ட்ரோலும் பியும் (b) அழுத்திய பிறகே தொடங்கும்: டி (d) பிரிந்து வெளியேற, சி புதிய சாளரத்துக்கு, சதவீதக் குறி பக்கவாட்டில் பிரிக்க, இரட்டை மேற்கோள்குறி மேல்கீழாகப் பிரிக்க, இசட் ஒரு பகுதியைத் திரை முழுக்கப் பெரிதாக்க. இந்த ஐந்துக்கு மேல் முதல் மாதத்தில் தேவைப்படாது. அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் அவசியம்: சுட்டெலியை இயக்குவது ஒன்று, 2000 வரிகள் என்ற இயல்பு வரலாற்று வரம்பை 50,000 ஆக்குவது மற்றொன்று.

ஜிட்டும் எஸ்எஸ்ஹெச்சும்

எஸ்எஸ்ஹெச் திறவுகோலை ஈடி25519 வகையில் உருவாக்கி, அதற்குக் கடவுத்தொடர் கொடுங்கள். டெஸ்க்டாப்பின் திறவுகோல் பெட்டகம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரே திறவுகோலைக் கணினி கணினியாக நகலெடுக்காமல், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக உருவாக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் அதற்கு உரியதை மட்டும் ரத்து செய்தால் போதும். மற்றவை தடையின்றித் தொடரும்.

அலுவலக மின்னஞ்சல் முகவரி சொந்தத் திட்டங்களிலும், சொந்த முகவரி அலுவலகக் களஞ்சியத்திலும் பதிவாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஜிட்டின் 'இன்க்ளூட்இஃப்' வசதி இதற்கென்றே உள்ளது: அலுவலகக் களஞ்சியங்கள் அனைத்தையும் ஓர் அடைவின்கீழ் வைத்து, அந்த அடைவுக்குள் இருக்கும்போது வேறொரு அமைப்புக் கோப்பைப் படிக்கும்படி ஒரு முறை எழுதிவிட்டால், பிறகு நினைவில் வைத்திருக்க எதுவும் இல்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் 'ஜிட் ஸ்டேட்டஸ்' அதைச் சாய்கோடுகளும் எண்ம எண்களுமாக (எட்டை அடிமானமாகக் கொண்டவை) காட்டும். 'த' என்ற ஓரெழுத்து 340, 256, 244 என்று மூன்று எண்களாகும். 'கோர்.கோட்பாத்' அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கினால் பெயர் தமிழிலேயே தெரியும்.

மொழிகளும் கொள்கலன்களும்

கணினிக்கு வேண்டிய பைத்தான் வேறு, உங்கள் திட்டத்துக்கு வேண்டிய பைத்தான் வேறு. டெபியன் 12 முதல், பைத்தான் நூலகங்களை நிறுவும் பிப் கொண்டு கணினி முழுமைக்கும் நூலகம் நிறுவ முயன்றால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பிழையோடு மறுக்கப்படுகிறது. அதைத் தாண்ட வலையில் பரவியிருக்கும் கட்டாயத் தேர்வைப் பயன்படுத்துவது, ஆப்ட் நம்பியிருக்கும் நூலகங்களை உடைக்கும் வழி. 'பைத்தான்3-வென்வ்' பொதியை நிறுவி ஒவ்வொரு திட்டத்துக்கும் மெய்நிகர்ச் சூழல் அமையுங்கள். கட்டளையாகப் பயன்படும் கருவிகளுக்கு பிப்எக்ஸ் இருக்கிறது. நோடின் (ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழல்) பதிப்புகளை நிர்வகிக்க என்விஎம், பல மொழிகளில் வேலை செய்பவர்களுக்கு மீஸ். என்விஎம் முனையம் திறக்கும் நேரத்தைக் கூட்டும் என்பதை அறிந்திருங்கள். முனையம் மந்தமாகத் திறந்தால் முதலில் அந்த வரியைச் சந்தேகிக்கலாம்.

டாக்கருக்கு முன் ஒவ்வொரு முறையும் சூடோ இடுவதைத் தவிர்க்க, பயனரை டாக்கர் குழுவில் சேர்க்கும்படி பல குறிப்புகள் சொல்கின்றன. அக்குழுவில் இருப்பது நடைமுறையில் ரூட் உரிமை பெறுவதற்குச் சமம் என்பதை அவற்றில் பல சொல்வதில்லை. டாக்கருக்கு மாற்றான பாட்மேன் சாதாரணப் பயனரின் உரிமையிலேயே கொள்கலன்களை இயக்குகிறது, கட்டளைகளும் பெரும்பாலும் ஒன்றுதான். புதிதாகத் தொடங்குபவர் அதிலிருந்தே தொடங்கலாம்.

உரைத்திருத்தி அவரவர் விருப்பம். விஎஸ் கோடோ நியோவிம்மோ எதுவானாலும், முனையத்துக்குள் இயங்கும் உரைத்திருத்தியான விம்மில் ஒரு கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் திருத்தி, சேமித்து வெளியேறும் அளவுக்காவது பழகியிருங்கள். சேவையகத்தில் வேறொன்றும் இல்லாத நாள் வரும்.

எல்லாவற்றையும் எழுத்தில் வைப்பது

இதுவரை செய்த மாற்றங்கள் பெரும்பாலும் உரைக்கோப்புகளில்தான் இருக்கின்றன: 'பேஷ்ஆர்சி', டீமக்ஸ் அமைப்பு, ஜிட் அமைப்பு, டிகான்ஃப் தந்த கோப்பு. இவற்றை ஓர் அடைவில் சேர்த்து ஜிட் களஞ்சியமாக்குங்கள். குனூ ஸ்டோ என்ற சிறு கருவி அந்த அடைவிலிருந்து முகப்பு அடைவுக்குக் குறியீட்டு இணைப்புகளை உருவாக்கித் தரும்; கோப்பு இருப்பது களஞ்சியத்தில், கணினி பார்ப்பது வழக்கமான இடத்தில். நீங்களாக நிறுவிய பொதிகளின் பட்டியலை 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' கட்டளை தரும். நிறுவியே போட்டுவைத்தவையும் அதில் கலந்திருக்கும் என்பதால், அவற்றைக் களைந்து அதே களஞ்சியத்தில் வையுங்கள். எஸ்எஸ்ஹெச்சின் தனித் திறவுகோல், டோக்கன்கள், கட்டளை வரலாற்றுக் கோப்பு ஆகிய மூன்றும் ஒருபோதும் அங்கே போகக் கூடாது. களஞ்சியம் இன்று தனிப்பட்டதாக இருந்தாலும் நாளை பொதுவில் திறக்கப்படலாம். ஜிட்டின் பழைய பதிவுகளிலிருந்து ஒன்றைத் துடைத்தெடுப்பது எளிதன்று.

அமைப்புகளுக்கு ஜிட், தரவுக்குக் காப்புப்படி. ரெஸ்டிக் கருவி மறையாக்கத்தோடும், மாறாத பகுதிகளை மீண்டும் எழுதாமலும் புற வட்டிலோ தொலைவிலுள்ள சேவையகத்திலோ படியெடுக்கும். 'நோட்_மாட்யூல்ஸ்', 'கேஷ்', பைத்தான் மெய்நிகர்ச் சூழல்கள் ஆகியவற்றை விலக்கப் பட்டியலில் சேருங்கள். அவற்றை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம். ரெஸ்டிக்கின் கடவுச்சொல்லை இந்தக் கணினிக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வைக்காவிட்டால் படி இருந்தும் பயனில்லை. மாதம் ஒரு முறை ஏதேனும் ஓர் அடைவை வேறிடத்தில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள்.

மீதமிருப்பது தொடக்கத்தில் சொன்ன அளவுகோலைச் சோதிப்பது. 'பாக்ஸஸ்' செயலியில் வெறும் டெபியன் 13 மெய்நிகர்க் கணினி ஒன்றை உருவாக்கி, அதில் உங்கள் களஞ்சியத்தை இறக்கி, பொதிப் பட்டியலை நிறுவி ஸ்டோவை ஓட்டும் சிறு நிறுவல் நிரல் ஒன்றை எழுதி இயக்குங்கள். முதல் முயற்சி பெரும்பாலும் தடையின்றி முடியாது. புதிய கணினியில் ஏற்கெனவே ஒரு 'பேஷ்ஆர்சி' இருப்பதால் ஸ்டோ இணைக்க மறுத்து நிற்கும். எப்போதோ கையால் சேர்த்த வெளிக் களஞ்சியத்தின் பொதி கிடைக்காது. 'பேட்' என்ற பெயருக்கு நீங்கள் உருவாக்கியிருந்த இணைப்பு காணாமல் போயிருக்கும். நின்ற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரியை நிறுவல் நிரலில் சேர்த்து, ஷெல்செக் கொண்டு அந்த நிரலைச் சரிபார்த்து, மெய்நிகர்க் கணினியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கேள்வி ஏதும் கேட்காமல் நிரல் கடைசி வரி வரை ஓடிய பிறகு, விருப்பம் இருந்தால், வண்ணக் கருப்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். அதன் அமைப்புக் கோப்பையும் களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள்.